கனேலா சாப்பிட்டதா?

ஹவானா
1993 மே 4

எவேலியோ,

இல்லை, இன்னும் சாப்பிடவில்லை. ஒன்பது வாரம் ஆகிறது. நீ விமானம் ஏறிய அன்று காலை உன் கையால் தின்ற எலிதான் கடைசி.

செவ்வாய்க்கிழமைதோறும் ரிகோ உன் ஆய்வுக்கூடத்திலிருந்து வெள்ளெலி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருகிறான். கொன்றுதான் கொண்டுவருகிறான். நான் கேட்காமலேயே அந்த உபகாரம். வெதுவெதுப்பான நீரில் வைத்து, துடைத்து, இடுக்கியில் பிடித்து நீட்டுகிறேன். கனேலா நாக்கை நீட்டிப் பார்க்கிறது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் அம்மா என் சமையலைப் பார்த்து அப்படித்தான் திருப்பிக்கொள்வாள்.

உன் பெட்டி நன்றாக இருக்கிறது. மாலையில் மின்சாரம் போனதும் பக்கத்து வீட்டு மிக்தாலியா கதவைத் தட்டுகிறாள்.

"தொறடி. இந்தக் கட்டடத்துலயே ஓடுற ஒரே டிவி உங்க வீட்டுதுதான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, குடல் உருவிய அந்த ரஷ்யத் தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். உள்ளே நாலரை அடி மலைப்பாம்பு, லவங்கப்பட்டை நிறத்தில், ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது. "நேத்து காட்டுன படத்தையே இன்னிக்கும் காட்டுறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள்.

நேற்று அவள் ஒரு யோசனை சொன்னாள். வாயைப் பிளந்து திணிக்க வேண்டுமாம். அவள் மகனை அப்படித்தான் வளர்த்தாளாம். செய்யலாமா?

உன் பயிற்சி மே முப்பதோடு முடிகிறது என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாய். உன் கையெழுத்து. அதைத் தினமும் பார்க்கிறேன்.

மிக்தாலியாவின் நாத்தனார் விமான நிலையத்தில் தரை துடைக்கிறாள். மெக்சிகோ போகிற யாரிடமாவது இதைக் கொடுத்துவிடுவாள். நீயும் அப்படியே யார் கையிலாவது கொடுத்தனுப்பு.

ஒந்தினா

---

மெரிதா
மே 19

அன்புள்ள ஒந்தினா,

திணிக்காதே. எந்தக் காரணத்துக்காகவும் திணிக்காதே. தொண்டை கிழியும், மூச்சுக்குழாய்க்குள் போகும். மிக்தாலியாவிடம் சொல், அவள் மகன் பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

பயப்படாதே. கனேலா ஆண். பெயரை வைத்து எல்லோரும் அவள் என்கிறார்கள், அது வேறு விஷயம். இந்தப் பருவத்தில் ஆண் பாம்புகள் துணை தேடும். சாப்பாடு நினைவிருக்காது. ஜூனில் சரியாகிவிடும்.

செய்ய வேண்டியவை:

வாரம் ஒரு முறைக்கு மேல் நீட்டாதே. மறுத்தால் எடுத்துவிடு. கெஞ்சாதே.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கிவிடாதே. பசிக்காத பாம்பை எலி கடிக்கும். முதுகெலும்பு தெரியும்வரை கடித்ததை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் பிடித்த எலி வேண்டவே வேண்டாம், எல்லோரும் விஷம் வைக்கிறார்கள்.

நிறுத்துப் பார். நான் கிளம்பும்போது மூன்று ராத்தல் ஆறு அவுன்சு. எடைதான் உண்மை சொல்லும். கண் பொய் சொல்லும்.

இங்கே சூடு நம் ஊர்ச் சூடுதான், ஆனால் மின்விசிறி சுற்றுகிறது. பயிற்சியை ஆகஸ்ட் வரை நீட்டியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாக நீட்டினார்கள். நாட்காட்டியில் திருத்திக்கொள்.

உன்னை முத்தமிடும்
எவேலியோ

---

ஹவானா
ஜூன் 6

எவேலியோ,

திருத்திவிட்டேன். பென்சிலால்.

நீ சொன்னபடி நிறுத்தேன். நம் வீட்டில் தராசு ஏது? தலையணை உறைக்குள் கனேலாவைப் போட்டு, உறையின் வாயை முடிந்து, ரேஷன் கடைக்குப் போனேன்.

"கடைசி ஆள் யாரு?" என்று வரிசையில் கேட்டேன்.

"நான்தான்" என்றாள் ஒருத்தி. "எனக்கு முன்னாடி ஒரு நீலச் சட்டை. நெழல்ல உக்காந்திருக்காரு."

உறை அசைந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"என்னடி உள்ள? மீனா? உயிரோடவா?"

"மீனா? எங்க மீனு?"

"மீன் வந்திருக்காம்!"

நான் வாயைத் திறப்பதற்குள் நான்கு பேர் மூலையில் இருக்கும் மீன் கடைக்கு ஓடிவிட்டார்கள். வரிசை சுருங்கிவிட்டது. உன் பாம்பால் எனக்கு நடந்த ஒரே நன்மை.

கடைக்கார எர்மெலிந்தோ தராசைக் கையால் மறைத்துக்கொண்டான். "தாயி, இந்தத் தட்டுல அரிசி தவிர எதையும் வெச்சதில்ல. சத்தியமா. அந்த அரிசியும் வெச்சு நாளாச்சு."

"ஒரே நிமிஷம். எலி குடுத்தாலும் பாம்பு சாப்பிட மாட்டேங்குது. எளச்சிருக்கான்னு பாக்கணும்."

"சாப்பிட மாட்டேங்குதா? இந்த ஊர்லயா?" அவன் அவ்வளவு சிரித்தான், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வை, வை. இத பாக்க வெச்சியே, நீ நல்லா இருப்ப."

நீலச் சட்டைக்காரர் எழுந்து வந்தார். கழுத்துப் பட்டைக்குள் இன்னொரு கழுத்து நுழையும். "என்னையும் அப்படியே நிறுத்துடு எர்மெலிந்தோ. நானும் எளச்சிருக்கேன்."

"உன்னை யாருய்யா எலி குடுத்துக் கெஞ்சுறா?"

கடை முழுக்கச் சிரித்தது. நானும். பிறகு அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

உறையைக் கழித்து இரண்டு ராத்தல் பதினொரு அவுன்சு.

மிக்தாலியா மாடிப்படியில் கேட்டாள்: "எவேலியோ எப்போ வராரு?" ஆகஸ்ட் என்றேன். "எந்த ஆகஸ்ட்?" என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

நேற்று கவனித்தேன். அதன் இதயம் தலையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. மிக மெதுவாக அடிக்கிறது. அடுத்த துடிப்பு வராதோ என்று காத்திருக்க வைக்கிறது. வருகிறது.

கடித உறைமேல் என் முகவரியை எழுதியது யார்? அந்த வட்ட எழுத்து உன்னுடையதல்ல.

ஒந்தினா

---

மெரிதா
ஜூன் 27

அன்புள்ள ஒந்தினா,

ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இரண்டு ராத்தலுக்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே போனால் திரும்பாது.

பருவம் முடிந்துவிட்டது. ஆகவே காரணம் வேறு. யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அதன் இதயம் எங்கே இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி வழியாகத் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும். நிறைய நேரம் வைத்திருந்தால்தான் தெரியும்.

அடிக்கடி வெளியே எடுக்கிறாயா? கோபமில்லை, கேட்கிறேன். தூக்கித் தூக்கி வைத்தால் அதற்குப் பயம். பயம் உள்ளவரை தின்னாது. அதற்கு நாம் பழக்கமாவதில்லை, ஒந்தினா. பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கண்ணாடியைத் துணியால் மூடு. உள்ளே ஒரு காலணிப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வை. இரண்டு வாரம் தொடாதே, பார்க்கவும் செய்யாதே. தண்ணீர் மட்டும். பிறகு நீட்டு. தின்றால் அதன்பின் மூன்று நாள் தொடாதே. தொட்டால் கக்கிவிடும்.

இரண்டு முறை ஒழுங்காகத் தின்றுவிட்டால் ரிகோவிடம் கொடுத்துவிடு. மலையடிவாரத்தில் விட்டுவிடுவான். உனக்கு ஒரு பாரம் குறையும். எனக்கும் கவலை விடும்.

உறை விஷயம்: இங்கே பல்கலைக்கழகத் துறையில் எழுத்தராக இருக்கும் சொகோரோ எல்லோருடைய உறைகளையும் எழுதித் தருகிறாள். என் எழுத்து தபால்காரருக்குப் புரியாது என்கிறாள்.

எவேலியோ

---

ஹவானா
ஜூலை 15

எவேலியோ,

தண்ணீர் மாற்றும்போது மட்டும் தொடுகிறேன். இதயம் விஷயம் அப்படித் தற்செயலாகத் தெரிந்தது.

துணி போட்டிருக்கிறேன். பெட்டி வைத்திருக்கிறேன். தின்னவில்லை.

இரண்டு ராத்தல் எட்டு அவுன்சு. எர்மெலிந்தோ இப்போது என்னைக் கண்டதும் தட்டைத் துடைத்து வைக்கிறான். "வாடி, விரதக்காரிய கூட்டிட்டு வா" என்கிறான்.

ரிகோவுக்கு இனி எலி கிடைக்காதாம். எலிகளுக்குப் போடத் தீவனமில்லை என்று கூண்டுகளைக் காலி செய்துவிட்டார்கள். ரேஷன் புத்தகத்துக்குக் கோழிக்குஞ்சு தரப்போகிறார்கள், வீட்டில் வளர்த்துக்கொள்ள வேண்டியது என்று மிக்தாலியா சொல்கிறாள். அவள் இப்போதே குளியலறையைக் காலி செய்துவிட்டாள். "குஞ்சு வந்தா நான் சமையலறைல குளிச்சுக்கறேன். அதுக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்கும்ல."

தபால்காரருக்கு உன் எழுத்து ஏன் புரிய வேண்டும்? உன் கடிதம் தபாலில் வருவதில்லையே. கையில்தானே வருகிறது.

பதில் எழுது. கனேலாவுக்கு வேறு என்ன செய்யலாம் என்று எழுது. நீளமாக எழுது.

ஒந்தினா

---

மெரிதா
ஆகஸ்ட் 8

ஒந்தினா,

குஞ்சு கிடைத்தால் நல்லது. பறவை வாசனைக்குச் சில சமயம் மனம் மாறும். கொன்று, வெதுவெதுப்பாக்கி, தலைப் பக்கமாக நீட்டு. நோயில் செத்ததைக் கொடுக்காதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, இல்லையென்றால் உன் விரலைக் குஞ்சு என்று நினைக்கும். சோப்பு இருக்கிறதா? இல்லையென்றால் சாம்பல்.

இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு வருட வேலை தந்திருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இதை எப்படி எழுதுவது என்று பத்து நாள் யோசித்தேன். இப்படித்தான் எழுத வந்தது.

மற்றதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். நானும் சொல்லாமல் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்ததும் நின்றபடியே பிரித்து, அது சாப்பிட்டதா என்று முதலில் தேடுகிறேன். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிக்க உட்காருகிறேன். அது செத்தால் அது என் தப்பு. அதையாவது காப்பாற்று.

எவேலியோ

---

ஹவானா
ஆகஸ்ட் 24

எவேலியோ,

நீ முதலில் தேடும் வரி இந்தத் தடவை எங்கே இருக்கும் என்று எனக்கே தெரியாது. நாத்தனாருக்கு ஒரு மாதம் மாற்று வேலை. அவள் திரும்பி வரும்வரை கடிதம் போகாது. அதுவரை எழுதிக்கொண்டே இருக்கப் போகிறேன். நீ உட்கார்ந்து படி.

நான் பொய் சொன்னேன்.

துணி போடவில்லை. பெட்டி வைக்கவில்லை. தண்ணீர் மாற்றும்போது மட்டும் தொட்டேன் என்பதும் பொய்.

மின்சாரம் ஐந்து மணிக்குப் போகும். விசிறி நிற்கும். நாலாவது மாடியில் கூரைச் சூடு இறங்கும். கட்டடமே காற்று வாங்கக் கடற்கரைச் சுவருக்குப் போய்விடும், ஜோடி ஜோடியாக. நான் போவதில்லை. தனியாகப் போனால் ஒவ்வொருவரும் உன்னைப் பற்றிக் கேட்பார்கள்.

கனேலாவை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வேன். வீட்டில் குளிர்ச்சியாக இருந்த ஒரே பொருள். முதலில் அதற்காகத்தான். ஈரத்துணி போட்டது போல இருக்கும், ஆனால் ஈரத்துணி காய்ந்துவிடும். தினமும் இரண்டு மணி நேரம். மூன்று. மார்ச்சிலிருந்து.

அது என் சட்டைக் கைக்குள் நுழையும். தலைமுடிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். என்னைத் தேடுகிறது என்று நினைத்தேன்.

இன்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதை எடுத்தேன். வழக்கம்போலக் கைக்குள் நுழைந்தது. என்ன தோன்றியதோ, நாற்காலியில் கிடந்த உன் பழைய துண்டை மேலே போட்டு மூடினேன். உடனே என் கையை விட்டு இறங்கி, துண்டுக்கு அடியில் போய் அசையாமல் படுத்துக்கொண்டது. துண்டே போதும். இருட்டு இருந்தால் போதும். நான் வேண்டியதில்லை.



ஆகஸ்ட் 25

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஜூனிலேயே கண்டுபிடித்தாய். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குளிர்ச்சிக்காக மட்டும் அல்ல.

அது சாப்பிடாதவரை நீ எழுதுவாய்.

இதை நான் அப்போது இத்தனை தெளிவாக நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை எலியிலிருந்து முகத்தைத் திருப்பும்போதும் எனக்குள் எதுவோ சற்று நிம்மதியானது. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு இடுக்கியைக் கழுவி வைத்தேன்.

இரண்டு ராத்தல் மூன்று அவுன்சு. தோல் பக்கவாட்டில் மடிகிறது.

இன்று துணி போட்டேன். உன் துண்டுதான். காலணிப் பெட்டியில் வாசல் வெட்டினேன். உன் திருமணக் காலணிப் பெட்டி, வேறு இல்லை.

ஆகஸ்ட் 29

குஞ்சுகள் வந்துவிட்டன. எனக்கு மூன்று, மிக்தாலியா வீட்டுக்கு ஒன்பது. வரிசையில் நின்று வாங்கினோம். ஏற்கெனவே கொஞ்சம் இறகு முளைத்தவை. மிக்தாலியா ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எர்மெலிந்தோ கத்தினான்: "ஏம்மா, கல்யாணத்துக்கா பாக்குற? எடுத்துட்டுப் போ."

"சேவலா பொட்டையான்னு பாக்குறேன்."

"அது அதுக்கே இன்னும் தெரியாது. நீ என்னத்த பாத்த?"

  மாடி ஏறும்போது மிக்தாலியா மூன்றாவது மாடியில் நின்றாள்.

"வரமாட்டாராடி?"

"மாட்டாரு."

"சரி" என்றாள். தன் குஞ்சுப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு என் பெட்டியை எடுத்துக்கொண்டாள். மறுபடி மாற்றிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியவில்லை அவளுக்கு. அப்படியே ஏறினோம்.

செப்டம்பர் 2

எட்டு நாள். தொடவில்லை. மாலையில் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டையால் விசிறிக்கொள்கிறேன். துண்டுக்குப் பின்னால் சில சமயம் மணலில் எதுவோ இழைவது கேட்கிறது. மூன்று குஞ்சுகளும் சமையலறையில் ஓயாமல் பேசுகின்றன.

ஒன்றைக் கொல்ல வேண்டும். கத்தியை எடுத்தேன், வைத்தேன். நான் கல்லூரியில் ஆறு வருடம் படித்ததில் இதற்கு ஒரு வரி இல்லை. உன்னைக் கேட்டு எழுதினால் பதில் வர ஒரு மாதம். அப்புறம் புரிந்தது, கேட்க ஒன்றுமில்லை. நீ ஏற்கெனவே எழுதிவிட்டாய்: கொன்று, வெதுவெதுப்பாக்கி, தலைப் பக்கமாக.

செப்டம்பர் 8

பதினாலு நாள் முடிந்தது. மிக்தாலியாவிடம் எப்படி என்று கேட்டேன். "குடு, நான் செஞ்சு தரேன்" என்றாள். வேண்டாம், காட்டு போதும் என்றேன். காட்டினாள். கழுத்தில், ஒரே இழுப்பு. நானே செய்தேன். எண்ணியதைவிடச் சின்ன சத்தம்.

மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் வைத்து, வெதுவெதுப்பாக்கி, இறகு உலரத் துடைத்தேன். கையைச் சாம்பலால் கழுவினேன். மாலை நாலு மணி, மின்சாரம் போவதற்கு முன். துண்டை ஒரு கையகலம் விலக்கி இடுக்கியை உள்ளே நீட்டினேன். பெட்டி வாசலில் மூக்கு தெரிந்தது. நாக்கு. நாக்கு.

பிறகு இடுக்கி என் கையில் இல்லை.

துண்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். மிச்சம் இரண்டு குஞ்சுகள் என் காலைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஓரமாகப் பார்த்தேன். உடம்பின் நடுவில் ஒரு முடிச்சு, மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தது. வாயை ஒரு முறை அகலத் திறந்து மூடியது, கொட்டாவி விட்டதுபோல.

சாப்பிட்டது, எவேலியோ.

எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. பிறகு யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். மிக்தாலியா கதவைத் தட்டினேன். "தின்னுடுச்சு" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், "என் குஞ்சு மேல அதோட கண்ணு படாம பாத்துக்கோ" என்றாள், எல்லாம் ஒரே மூச்சில்.

செப்டம்பர் 11

மூன்று நாள். கக்கவில்லை.

செப்டம்பர் 22

இரண்டாவது குஞ்சு. இந்த முறை யாரையும் கேட்டுக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. நீட்டினேன், எடுத்துக்கொண்டது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

ரிகோ வந்தான், சாக்கோடு. நீ அவனுக்கும் எழுதியிருக்கிறாய் போல. சாக்கை வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கனேலா இங்கேயே இருக்கும். உன் நினைவுக்காக அல்ல, தப்பாக நினைக்காதே. ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தொடாமல் இருக்க நாங்கள் பழகிவிட்டோம். உன்னோடு இருந்தபோது எனக்கு அது வராமல் போனது.

இனி நீ தேட வேண்டிய வரி எதுவும் என்னிடம் இல்லை. ஆகவே எழுத வேண்டியதில்லை. எழுதினாலும் நின்றபடி படிக்கும்படி எழுது.

சோப்பு இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்காக உன்னை இரண்டு நாள் நேசித்தேன்.

ஒந்தினா

பின்குறிப்பு: நாத்தனார் இன்று வந்துவிட்டாள். உறைமேல் உன் முகவரியை நானே எழுதினேன். அவளிடம் கொடுத்தேன். ஐந்து மணிக்கு மின்சாரம் போனது. துண்டைச் சரிசெய்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு, மிக்தாலியாவோடு கடற்கரைச் சுவருக்கு நடந்தேன்.